இடம் எண் இருபத்தெட்டு, இரண்டு பேருக்கு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ரோண்டா நோர்பியிடம் கேட்டு வாங்கியது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதை கொஞ்சம் சூடு பிடித்துவிட்டால் சொல்ல மனசு வராது.

டுலூத் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ரோண்டா அங்கே பேருந்து ஓட்டுகிறாள். மாலை மணி அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வண்டியை வரிசையில் நிறுத்திவிட்டு என் அறைக்கு வருவாள். கையுறைகளை வெப்பமூட்டியின் மேல் காயப்போட்டுவிட்டு, என் காபியில் பாதியைக் குடிப்பாள். ஜனவரியில் அப்படி உட்கார்ந்திருந்தபோது, நான் எதுவும் கேட்காமலேயே சொன்னாள்:

"எனக்கு விவாகரத்து ஆன வாரம், என் மாமனார் கூடாரத்த வண்டியில போட்டுக்கிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நின்னாரு."

விவாகரத்து எனக்குத் தெரியும். கூடாரம் தெரியாது. வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு, இதை எழுதிக்கொள்ளவா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா ஒவ்வொரு பகுதியையும் எனக்கு இங்கிலீஷ்ல சொல்லணும். பிடிக்கலைன்னா அடிச்சிருவேன்."

அடித்தாள். நிறையவே அடித்தாள். அவற்றில் சிலவற்றை, அடித்த அடையாளமாகச் சதுர அடைப்புக்குள் போட்டு, கீழே விட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: [பனி உருகிக்கொண்டிருந்தது. கூரை விளிம்பிலிருந்து ஒவ்வொரு சொட்டாக—]

"இந்த ஊர்ல எந்தக் கதைதான் பனியில ஆரம்பிக்கல? அடி" என்றாள் ரோண்டா.

இரண்டாம் தொடக்கம்: [பத்தொன்பது வருட மணவாழ்க்கை ஒரு வியாழக்கிழமை, பதினோரு நிமிடத்தில்—]

"நாங்க நிமிஷம் எண்ணல. அடி."

மூன்றாம் தொடக்கத்தை எழுதுவதற்குள் எனக்கு வேறொரு சிக்கல் வந்துவிட்டது. அவள் மாமனாரை எப்படிக் கூப்பிடுகிறாள்? 'ஆர்விட்' என்று பெயர் சொல்லித்தான். தமிழில் 'மாமா' என்று போட்டுவிட்டால் எனக்குச் சுலபம், உங்களுக்கும் சுலபம். ஆனால் மாமா என்ற வார்த்தை விவாகரத்துக்கெல்லாம் அசைந்து கொடுக்காது. புருஷன் போனாலும் மாமா மாமாதான். இங்கே மாமனாருக்கான இங்கிலீஷ் வார்த்தையிலேயே சட்டம் உட்கார்ந்திருக்கிறது: சட்டத்தின் வழியாக வந்த அப்பா. சட்டம் கையைக் கழுவிவிட்டால் வார்த்தையும் போய்விடும். மாமா என்று எழுதினால் ரோண்டாவின் கஷ்டத்தை நான் இலவசமாகத் தீர்த்துவைத்த மாதிரி ஆகும். ஆகவே ஆர்விட் என்றே இருக்கட்டும். 'நீங்க' மட்டும் என் கைச்சரக்கு. அவள் குரலில் அந்த மரியாதை இருக்கிறது.

(எங்கள் இருவருக்குள் 'நீ'. அவள் குரலில் சில சமயம் 'டி'யும் இருக்கிறது. எழுத்தில் விட்டுவிட்டேன்.)

3. வசந்தம்

ஆர்விட் நோர்பிக்கு எழுபத்தொன்பது வயது. இரும்புத்தாது ஏற்றும் ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி பெவர்லியும் வருடத்துக்கு நாலு முறை, பருவத்துக்கு ஒன்றாக, ஏதாவது ஒரு மாநிலப் பூங்காவில் போய்க் கூடாரம் போடுவார்கள். பெவர்லி இறந்துபோன வருடம் அவர் தனியாகக் கிளம்பினார். கிழவர் காட்டில் தனியாக விழுந்துகிடந்தால் யார் பார்ப்பது என்று ரோண்டாவும் கூடப் போனாள். அவள் கணவன் ட்ராய்க்கு அதெல்லாம் ஆகாது. ஈரம், கொசு, புகை எதுவும் ஆகாது. அப்படியே ஏழு வருடம் ஓடிவிட்டது. மாமனாரும் மருமகளும், ஆளுக்கொரு கூடாரம், நடுவில் ஒரு நெருப்பு.

பிறகு ட்ராயும் ரோண்டாவும் பிரிந்தார்கள். பெரிய சண்டை ஒன்றுமில்லை. இருவருக்கும் பேச எதுவும் மிச்சமில்லை என்பது இருவருக்கும் ஒரே வருடத்தில் தெரிந்தது. மே மாதம் ஒரு வியாழக்கிழமை காகிதம் கைக்கு வந்தது. சனிக்கிழமை காலை வாசலில் பிக்கப் வண்டிச் சத்தம் கேட்டது.

ரோண்டா கதவைத் திறந்தாள். ஆர்விட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டுக்குள் கதவைத் தட்டாமலேயே வந்து பழகியவர்.

"டாமரக் முனைல இடம் பதிவு பண்ணியிருக்கேன். இருபத்தெட்டாம் நம்பர். ரெண்டு பேருக்கு."

"ஆர்விட், நான் இப்ப உங்க மருமக இல்ல."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அந்தப் படிவத்துல பேரு கேட்டான், வண்டி நம்பர் கேட்டான், எத்தன பேருன்னு கேட்டான். மருமகளான்னு கேக்கல."

அவள் உள்ளே போய்ப் படுக்கைப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

[வண்டியில் ஏறியதும் அவள் கண்கள்—]

"அழல. கண்ணாடி அழுக்கா இருக்குன்னு அவரைத் திட்டுனேன். அதை எழுது."

கண்ணாடி அழுக்காக இருந்தது. டாமரக் முனையில் மழை பெய்தது. பூங்கா வாசலில் வாங்கிய விறகு ஈரமாக இருந்தது. ஆர்விட் ஒவ்வொரு கட்டையாகச் சீவி, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டித் தீ மூட்டினார். உருளைக்கிழங்கையும் முட்டையையும் இரும்பு வாணலியில் வதக்கித் தந்தார். ட்ராயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏரியில் இன்னும் கரையோரம் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டிருந்ததைப் பற்றிப் பேசினார். சீட்டு ஆடினார்கள். அவர் கள்ளாட்டம் ஆடி ஜெயித்தார். ராத்திரி முழுக்கக் குறட்டை விட்டார்.

இரண்டாம் நாள் காலை கூடாரத்தை மடிக்கும்போது ரோண்டாவுக்குத் தாங்கவில்லை.

"ஏன் வந்தீங்க, ஆர்விட்? பாவம்னா?"

அவர் முளைக்குச்சியிலிருந்து சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பெவ் போனப்ப நீ வந்தே. ஏன் வந்தேன்னு நான் கேட்டேனா?"

4

இந்த இடத்தில் மூன்று நாள் எழுதவில்லை. ஆர்விட் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனிதரைக் கதைக்குள் விட்டால் மற்ற எல்லோரும் நிழலாகிவிடுவார்கள். கள்ளாட்டமும் குறட்டையும் போதாது. நல்லவர்களுக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் சில்லறைக் குறைகள் அவை, மாப்பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிற மாதிரி.

"ரோண்டா, அவர் உனக்கு ஏதாவது தப்பு பண்ணியிருக்காரா?"

அவள் கையுறைகளைத் திருப்பிப் போட்டாள். மணி அடித்தது. எழுந்து போய்விட்டாள். மறுநாள் வந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"ஜூலையச் சொல்லணும்னா சொல்றேன். ஆனா அவர் மேல கோவம் வர்ற மாதிரி எழுதாதே."

என்னால் முடிந்ததைச் செய்கிறேன்.

5. கோடை

விஷயம் இதுதான்: ஆர்விட் தன் மகனிடம் சொல்லவே இல்லை. மே மாதம் எங்கே போனீர்கள் என்று ட்ராய் கேட்டதற்கு, தனியாகப் போனேன் என்று சொல்லியிருந்தார். ஜூலையில் ஸ்டோனி ஓடைக்குப் போகும்போதும் அதையே சொன்னார். ரோண்டாவுக்கு இது தெரியாது.

எண்பது வயதை நெருங்கும் அப்பா காட்டில் தனியாக இருக்கிறாரே என்று ட்ராய்க்குக் கவலை. அவன் அப்போது ஷானா என்ற பெண்ணோடு வாழ ஆரம்பித்திருந்தான். அப்பாவுக்குப் பிறந்தநாள் வேறு. இரண்டு பேரும் ஒரு சாக்லேட் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள்.

ரோண்டா மேசையருகில் நின்று கால் முழுக்கக் கொசுமருந்து பூசிக்கொண்டிருந்தாள்.

"நீ இங்க என்ன பண்றே?" என்றான் ட்ராய்.

அவள் ஆர்விட்டைப் பார்த்தாள். ஆர்விட் நெருப்பைப் பார்த்தார்.

"அப்பா, தனியாதானே போறேன்னு சொன்னீங்க?"

"தனியாதான் வந்தேன்" என்றார் ஆர்விட். "ரோண்டா பக்கத்து இடத்துல இருக்கா. தற்செயலா. காபிக்கு வந்தா."

ரோண்டாவின் கையில் மருந்துக் குப்பி அப்படியே நின்றது. பக்கத்து இடம் காலியாக இருந்தது, புல்லும் ஒரு மேசையும் மட்டும். எல்லோருக்கும் அது தெரிந்தது.

[ஏழு வருடம். இருபத்தொன்பது பயணம். ஒரு வாக்கியத்தில் அவளை அவர்—]

"இதை அடிக்கல. ஆனா முடிக்காதே" என்றாள் ரோண்டா. முடிக்கவில்லை.

"ஆமா, தற்செயலாத்தான்" என்று அவளும் சொன்னாள். கிழவரை மகன் முன்னால் பொய்யராக நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை.

"உன் கார் எங்க?" என்றான் ட்ராய்.

கார் இல்லை. ஆர்விட்டின் வண்டியில்தான் வந்திருந்தாள்.

"சிநேகிதி இறக்கிவிட்டுப் போனா."

"எந்தச் சிநேகிதி?"

அப்போது ஷானா கேக்கை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் டவுனுக்குத்தான் திரும்பிப் போறேன். என்னைக் கொசு பிச்சு எடுக்குது. ட்ராய், நீ ராத்திரி அப்பா கூட இரு. ரோண்டா, வர்றீங்களா?"

ரோண்டா தன் கூடாரத்தை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆர்விட்டின் கூடாரத்துக்கு ஆறடி தள்ளி இருந்த இடத்திலிருந்து பிடுங்கிச் சுருட்டினாள். ஆர்விட் உதவிக்கு எழுந்தார். பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

காரில் பாதி தூரம் வரை ரேடியோதான் பேசியது. பிறகு ஷானா சொன்னாள்:

"மேசையில ரெண்டு தட்டு இருந்துச்சு. உங்க தட்டுல வெங்காயம் இல்ல. உங்களுக்கு வெங்காயம் ஆகாதா?"

"ஆகாது."

"அந்தக் குடும்பத்துல எனக்கு எது ஆகும், ஆகாதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது" என்றாள் ஷானா, குறையாகச் சொல்லவில்லை, வானிலை சொல்கிற மாதிரி. "அவருக்கு உங்க மேல பாசம் ரொம்ப. அதான் பயந்துட்டாரு."

(எனக்கு ஷானாவைப் பிடித்துவிட்டது. ரோண்டாவுக்கும் பிடித்துவிட்டது. "அதுதான் எரிச்சல்" என்றாள். "அவள வெறுக்கலாம்னு வச்சிருந்தேன்.")

6. இலையுதிர் காலம்

[மேப்பிள் மரங்கள் தீப்பிடித்த மாதிரி—] இரண்டு பக்கம். மொத்தமாக அடித்தாள். "இலையப் பத்தி நாட்காட்டியில போட்டிருக்கான்."

ஆர்விட் மூன்று முறை போன் செய்தார். ரோண்டா எடுக்கவில்லை. நாலாவது முறை அவர் செய்யவில்லை. அக்டோபர் கடைசியில் அவள் தனியாகக் கிளம்பினாள். வாழ்க்கையில் முதல் தடவை.

இங்கே நான் ஒன்று எழுதியிருந்தேன்: பழக்கதோஷத்தில் அவள் இரண்டு கோப்பை காபி போட்டாள் என்று. படித்துக்காட்டியபோது ரோண்டா சிரித்தே விட்டாள்.

"ஒரு கோப்பைதான் போட்டேன். நல்லா இருந்துச்சு. கூடாரத்தை எட்டே நிமிஷத்துல போட்டேன். ஒத்தத் தீக்குச்சியில தீ பிடிச்சுது. யாரும் பக்கத்துல நின்னு 'அப்படி இல்ல, இப்படி'ன்னு சொல்லல. உன் கதைக்காக நான் ஏங்கிப்போகணும். நான் ஜாலியாத்தான் இருந்தேன், ஒரு நாள் முழுசா."

மன்னிக்க வேண்டும். நிஜம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கப் போனாள். குளிர் தொடங்கிவிட்டால் குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். பூங்கா அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத் திறந்து வைத்திருப்பார்கள். அந்தக் குழாயடியில், நீலக் கேனைப் பிடித்துக்கொண்டு, ஆர்விட் நின்றார்.

(நம்பமாட்டீர்கள் என்று தெரியும். நானும் இது தற்செயல் மாதிரி இருக்கிறதே என்று தயங்கினேன். "அக்டோபர் கடைசில கூடாரம் போட விடுற பூங்கா எங்க பக்கத்துல ரெண்டுதான். அதுல ஒண்ணுல ரோடு வேலை. அவர் வேற எங்க போவாரு?" என்றாள் ரோண்டா.)

கேன் நிரம்பி வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை. அவள் மூடினாள்.

"ஜூலைல நான் பொய் சொன்னேன்" என்றார்.

"ஆமா."

"உன்ன யாரோ மாதிரி ஆக்கிட்டேன்."

"ஆமா, ஆர்விட்."

"ட்ராய்கிட்ட சொல்லிட்டேன், போன செவ்வாக்கிழமை. மே மாசமும் அவதான் வந்தா, ஜூலைலயும் அவதான் வந்தா, இனியும் அவ வந்தா கூட்டிட்டுத்தான் போவேன்னு."

"என்ன சொன்னான்?"

ஆர்விட் கேனின் மூடியைத் திருகினார். மரை சரியாக உட்காரவில்லை. மறுபடி திருகினார்.

"நன்றி நாள் குடும்ப விருந்துக்கு வர வேண்டாம்னான்."

அன்றைக்கு அவர்கள் நெருப்பு ஒன்றாகத்தான் இருந்தது. வெங்காயம் போடாமல் சூப் வைத்தார். ரோண்டா சாப்பிட்டாள். மன்னித்தாயா என்று அவர் கேட்கவில்லை. மன்னித்தேன் என்று அவளும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு உள்ளே ஒன்று உறுத்தியது: தன்னை வைத்துக்கொள்ள அவர் மகனைக் கொடுத்திருக்கிறார். அந்த மாதிரி அன்பு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

7

திங்கட்கிழமை, காலைச் சவாரி முடிந்ததும், ரோண்டா நேராக ட்ராய் வேலை பார்க்கும் டயர்க் கடைக்குப் போனாள், மஞ்சள் பேருந்தை ஓட்டிக்கொண்டு.

"பள்ளிக்கூட வண்டியிலயா?" என்றேன்.

"அதையும் எழுதப்போறியா?"

(எழுதிவிட்டேன். எங்கள் பள்ளி முதல்வருக்குத் தமிழ் தெரியாது.)

ட்ராய் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். பேருந்தைப் பார்த்தான்.

"டயர் மாத்தணுமா?"

"பேசணும்."

இருவரும் டயர் அடுக்குகளுக்கு நடுவே நின்றார்கள். ரோண்டா சொன்னாள்: "நம்ம விஷயம் முடிஞ்சுது. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா உங்கப்பாவ என்னால நீ தள்ளிவைக்கக் கூடாது. நான் போகக் கூடாதுன்னா போகல. சொல்லு."

அவன் தலையசைத்தான். "நீ போறது இல்ல பிரச்சினை."

"பின்ன? பொய் சொன்னதா?"

"அதுவும் இல்ல." அவன் ஒரு டயரைக் காலால் லேசாக உதைத்தான். "எனக்குப் பன்னெண்டு வயசிருக்கும். அப்பா கூட கூடாரம் போட்டப்ப ராத்திரி மழை, படுக்கைப் பையெல்லாம் நனைஞ்சுபோச்சு. அழுதேன். இனிமே வரமாட்டேன்னு சொன்னேன். சின்னப் பையன் சொல்றதுதானே. அதுக்கப்புறம் அவர் ஒரு தடவகூட வான்னு கூப்பிடல. நாப்பது வருஷம், ரோண்டா. உன்ன வீட்டு வாசலுக்கே வந்து கூட்டிட்டுப் போயிருக்காரு."

பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு இது தெரியாது. அவனுக்குக் காடே பிடிக்காது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். அவளும் கூப்பிட்டதில்லை.

"வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

8. குளிர்காலம்

முடிவுக்கு வந்துவிட்டோம். அல்லது வரப்போகிறோம்.

இதை ரோண்டா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பிப்ரவரி பயணம் இன்னும் நடக்கவில்லை. டாமரக் முனையில், உறைந்த ஏரியோரம், விறகு அடுப்பு வைத்த மரக் குடில் ஒன்றை ஆர்விட் பதிவு செய்திருந்தார். ஆறு பேர் படுக்கலாம். குளிர்காலத்தில் அவர்கள் கூடாரம் போடுவதில்லை. "கிறுக்கு வேற, முட்டாள்தனம் வேற" என்பாராம்.

டயர்க் கடையில் கேட்டதை ரோண்டா அவரிடம் அப்படியே சொன்னாள். அவர் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அவன் வரமாட்டேன்னான்" என்றார்.

"பன்னெண்டு வயசுல."

"வரமாட்டேன்னு சொல்றவன வற்புறுத்தக் கூடாதுன்னு நினைச்சேன். அதான் மரியாதைன்னு நினைச்சேன்."

"கூப்பிடுங்க."

"இப்பவா?"

"நான் இங்கதான் இருக்கேன்."

பிறகு போனை எடுத்தார். மகனுடைய எண்ணைச் சுவரில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தினார், மனப்பாடமாகத் தெரிந்த எண்ணைத்தான். ட்ராய் எடுத்தான். ஆர்விட் வணக்கம் சொல்லவில்லை, எப்படியிருக்கே என்று கேட்கவில்லை. ஒரே மூச்சில் சொன்னார்:

"பிப்ரவரி பதினாலாம் தேதி டாமரக் முனைல குடில் எடுத்திருக்கேன். ரொம்பக் குளிரும். கழிப்பறை வெளியில. உனக்குப் பிடிக்காது. ஷானாவுக்கும் பிடிக்காது. ஆனாலும் வாங்க. ரோண்டா இருப்பா. நான்... நீ வந்தா எனக்கு நல்லா இருக்கும். முன்னாடியே கேட்டிருக்கணும்."

மறுமுனையில் காற்றடைக்கும் எந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. ரோண்டாவுக்கே கேட்டது. கடைசியில் ட்ராய் சொன்னான்:

"என்கிட்ட நல்ல பூட்ஸ் இல்ல."

"என்கிட்ட ரெண்டு ஜோடி இருக்கு" என்றார் ஆர்விட்.

"சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

9

அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம்? வருகிறேன் என்றா? பேச்சை முடிக்கிறேன் என்றா? பூட்ஸ் இருப்பது எனக்குத் தெரியும் என்றா? ரோண்டாவிடம் கேட்டேன்.

"அவன் கூட பத்தொன்பது வருஷம் இருந்தும் எனக்கு அவன் 'சரி' பிடிபடல. உனக்கு நான் எப்படிச் சொல்றது?"

நான் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

[அ. சனிக்கிழமை மதியம், பனிப்பாதையில் ஒரு கார் மெதுவாக வளைந்து வருகிறது. ஆர்விட் ஜன்னலைத் துடைக்கிறார்—]

[ஆ. ஷானா மட்டும் வருகிறாள், ட்ராய் ஏதோ—]

[இ. யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் இருவரும் குடிலைப் பூட்டிவிட்டு—]

மூன்றையும் ரோண்டா அடித்தாள். கோபமாக இல்லை. பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னும் நடக்காதத எதுக்கு எழுதுறே? நடந்தத எழுது. அந்தக் கிழவர் போன் எடுத்துக் கூப்பிட்டாரு. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகாத மனுஷன், சட்டப்படி பாத்தா. அவர் வாழ்க்கையிலேயே கஷ்டமான போன் கால செய்யறப்ப பக்கத்துலயே என்ன வச்சுக்கிட்டாரு. இதுக்கு மேல எனக்கு என்ன குடுக்கணும்?"

மணி அடித்தது. கையுறைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

10

பதினாலாம் தேதி வந்தது, போனது. செவ்வாய்க்கிழமை ரோண்டா வந்து, காபியில் பாதியைக் குடித்துக்கொண்டே, நடந்த எல்லாவற்றையும் சொன்னாள். அரை மணி நேரம் போதவில்லை. மறுநாளும் சொன்னாள். நான் எழுத உட்கார்ந்தபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது வேண்டாம். இதை நாங்களே வச்சுக்கறோம்."

நான் கெஞ்சினேன். படித்துக்கொண்டு வந்தவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள் என்றேன். இத்தனை தூரம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு நட்டாற்றில் விடுவது நியாயமா என்றேன். அவள் கொஞ்சம் இரக்கப்பட்டாள். ஜன்னல் வழியாகத் தன் வண்டியைப் பார்த்தபடி யோசித்தாள்.

"ஒரே ஒரு வரி போட்டுக்கோ."

"சொல்லு."

"சனிக்கிழமை ராத்திரி மைனஸ் இருபத்தாறு. யாருக்கும் குளிரல."

எத்தனை பேருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவள் அதற்குள் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள். 'யாருக்கும்' என்பது இரண்டு பேருக்கும் பொருந்தும், நாலு பேருக்கும் பொருந்தும். எனக்குத் தெரியும், ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டேன். குடிலில் ஆறு பேர் படுக்கலாம். எத்தனை பேரைப் படுக்கவைப்பது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.